இருபத்து நான்காவது கை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாநிலத்தின் அரசியல் சட்டத்தைத் திருத்திப் பள்ளிப் பாதுகாப்புக்கு நிதி ஒதுக்குகிற கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். நம் மாநிலத்துக்குத் தனியாக அப்படியொரு சட்டம் ஏது என்று பிறகுதான் உறைத்தது. அசடு வழிந்தபடி, முதலிபாளையத்தில் நானே கற்பனையாகக் கட்டிய பனியன் முதலாளிகள் சங்கத்தின் விதிப் புத்தகத்துக்கு இறங்கி வந்தேன்.

2

2004. கும்பகோணத்துப் பள்ளித் தீயை யாராலும் மறக்க முடியாத வருடம். பக்கத்துப் பள்ளியின் ஓலைக்கூரையை மாற்றவும் இரண்டாவது வாசல் வைக்கவும் சங்க நிதியைச் செலவிடலாம் என்று விதியைத் திருத்த வேண்டும். உறுப்பினர்கள் முப்பத்தாறு பேர். மூன்றில் இரண்டு பங்கு, இருபத்து நான்கு கை உயர்ந்தாக வேண்டும்.

அந்த ஓலைக்கடியில்தான் நாகஜோதியின் மகள் நதியா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த நாகஜோதிக்கு ஆத்தப்பன் கம்பெனியில் செக்கிங் வேலை. தீயணைப்புக் குழுவிலும் இருக்கிறாள். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் பாதுகாப்பு ஆடிட்டுக்கு வரும் நாளில், ஒத்திகை மணியடித்த இரண்டே நிமிடத்தில் நூற்றிருபது பேரை வெளியே கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே!

3

ஆத்தப்பன் மீசையை முறுக்கியபடி, "உனக்கெதுக்கு இந்த

[நிறுத்திவிட்டேன். முதலாளி என்றாலே வில்லன் என்று என் பேனா பழகிவிட்டது. சங்கக் கூட்டத்தில் பேச நாகஜோதியை அழைத்து வந்தவரே அவர்தான்.]

"பள்ளிக்கூடம் கவர்மெண்ட் வேலைங்க. நமக்கெதுக்குங்க?" என்றார் சாமியப்பன் என்ற உறுப்பினர்.

"நீ சொல்லு கண்ணு" என்றார் ஆத்தப்பன்.

நாகஜோதி எழுந்தாள். நதியாவை நினைத்துக்கொண்டாள். "ஐயா, இப்ப இந்த ஹால்ல தீப்பிடிச்சா எந்த வழியாப் போவீங்க?"

"பின்கதவு இருக்குதுங்களே அம்மிணி" என்றார் சாமியப்பன்.

"தொறந்து காட்டுங்க."

போய்ப் பார்த்தார். கதவை மறைத்து ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். போன ஆடிட்டுக்காக அவரே தன் கம்பெனியின் அவசர வாசலிலிருந்து எடுத்து, இங்கே கொண்டுவந்து ஒளித்தவை. சொந்தப் பெட்டிகளைப் பார்த்து அவர் முகம் செத்துப்போனது.

"பையர் வந்தா எங்களுக்குக் கதவு தொறக்குதுங்கய்யா. எம் புள்ளைக்கு எந்த பையர் வருவாரு?"

(இந்த வரியை நான் யோசிக்கவே இல்லை. அவளாகப் பேசிவிட்டாள். பெற்றவனைப் போலப் பூரித்துப்போனேன்.)

4

கைகள் உயர்ந்தன. இருபத்து மூன்று. சாமியப்பனோ இரண்டு கைகளாலும் பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்.

பெட்டியை வைத்துவிட்டுக் கை தூக்கினார் என்று ஒரு முடிவு எழுதினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார் என்று இன்னொன்று. இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

நாகஜோதி தலை நிமிர்ந்து நிற்கிறாள். இன்னும் ஒரு கை வேண்டும். இதை வாசிக்கிற நீங்கள் உறுப்பினர் இல்லைதான், அவளும்தான் இல்லை. கதைப் புத்தகத்தைப் பிடிக்க ஒரு கை போதும். இன்னொன்று சும்மாதானே இருக்கிறது?