மிச்சம் பிடித்த நேரம்

அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணிக் கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தாள் மணிமொழி. கூப்பிட்ட குரலுக்கு மாடியேறி வந்த வீட்டுக்காரம்மா ஜோதிலட்சுமி, தினக்காலண்டரிலிருந்து கிழித்த தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தபடி வாசலில் நின்றார்.

“உயிரு எத்தினி மணிக்குப் போச்சும்மா? மூணு இருவத்திரெண்டு வரைக்கும்தான் திருவோணம். அதுக்கு மேல அவிட்டம். அவிட்டம்னா அடைப்பு. ஆறு மாசம் வீட்டப் பூட்டிப் போடணும்.”

மந்தைவெளி மாடியில் அவர்களுக்கு இருப்பதே ஒரு அறை. அதைப் பூட்டினால் அம்மா எங்கே போவாள்? மணிமொழியே டீச்சர் வேலை பார்த்துக்கொண்டு அடையாறில் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டுக்காரம்மா கெட்டவர் இல்லை. குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் குடம் குடமாகக் கொடுத்தவர்தான். ஆனால் சாஸ்திரம் என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அப்பா துரைராஜ் முப்பத்தோரு வருஷம் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் லிஃப்ட் ஓட்டியவர். ஏழு மாடி. மணிமொழி கல்லூரியில் இயற்பியல் சேர்ந்த புதிதில், ஓடுகிற பொருளுக்கு நேரம் மெதுவாகப் போகும் என்று படித்துவிட்டு வந்து, “ஓடிக்கினே கீறதால உனக்கு வயசு கம்மியாத்தான் ஏறும் நைனா,” என்று சொல்லிவைத்தாள். அதற்கப்புறம் மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. புடவை எடுக்க வந்தவர்களிடமெல்லாம், “எனக்குக் கொஞ்சம் நேரம் மிச்சம் கீது, எம் பொண்ணே சொல்லிச்சு,” என்று பீற்றிக்கொண்டார்.

அடுத்த வருஷம்தான் அவள் மறுபாதியைப் படித்தாள். தரையை விட்டு உயரப் போனால் நேரம் வேகமாக ஓடும். உட்கார்ந்து கணக்குப் போட்டாள். லிஃப்டின் வேகம் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கை மாடிகளின் உயரம் தின்றுவிட்டிருந்தது. அப்படித் தின்றது கண் இமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் போனது போனதுதான். அதை அவரிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

இன்று மதியம், அம்மா மாத்திரை வாங்க ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது அவர் கேட்டார். “அந்த மிச்சம் இன்னும் கீதா பாப்பா?”

“கீது நைனா.”

மூன்றரைக்குத் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் பெல் அடித்தது. அப்பா கண்ணைத் திறந்தார்.

“ஸ்கூல் உட்டாச்சு. பாப்பா வர்ற நேரம். கதவ சாத்தாத.”

சின்ன வயதில் அவள் பள்ளி விட்டு நேராகக் கடைக்கு ஓடுவாள். அவள் உள்ளே வரும்வரை அவர் லிஃப்ட் கதவை ஒரு காலால் தடுத்துக்கொண்டு நிற்பார். அவரிடம், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மூச்சு நின்றுவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று முப்பத்தொன்று.

“மூணே கால் இருக்கும்,” என்றாள் மணிமொழி வீட்டுக்காரம்மாவிடம்.

ஜோதிலட்சுமி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “புண்ணியவான். திருவோணத்துலயே போயிட்டாரு.”

நேரம் மிச்சம் என்று சொல்லிக் கொடுத்தவளே அவரிடமிருந்து பதினாறு நிமிஷத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அந்தப் பதினாறு நிமிஷமும் போக இடமில்லாமல் அறைக்குள்ளேயே நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு.

மாத்திரைப் பையோடு வந்த முனியம்மாள் கத்தி அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து புருஷனின் நெற்றியைத் தடவினாள். பிறகு கேட்டாள்.

“கடசியா எதனா சொன்னாராடி?”

ஜோதிலட்சுமி இன்னும் அங்கேதான் நின்றார். அப்பா சொன்னதைச் சொன்னால் பெல் அடித்ததையும் சொல்ல வேண்டும். பெல் எத்தனை மணிக்கு அடிக்கும் என்று தெருவுக்கே தெரியும்.

“இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டாரு.”

“ஒரு வார்த்த கூடவா?”

“இல்ல.”

“அவ்ளோ பேசற மனுசன்,” என்றாள் அம்மா. மாத்திரைப் பையை இன்னும் மடியிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டார்கள். மதியத்துக்குள் வந்தவர்களெல்லாம் கிளம்பிப் போய், கழுவிவிட்ட தரையும் காய்ந்திருந்தது. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கதவு காற்றில் மெல்ல நகர்ந்து சாத்திக்கொள்ளப் போனது. அப்போது பெல் அடித்தது.

மணிமொழி எழுந்து போய்க் கதவை ஒரு காலால் தடுத்துக்கொண்டு நின்றாள்.

“சாத்துடி. வெயில் அடிக்குது,” என்றாள் அம்மா, திரும்பாமலே.

“இருக்கட்டும்மா, கொஞ்ச நேரம்.”

பிள்ளைகள் கத்திக்கொண்டு தெருவில் ஓடினார்கள். கடைசிச் சத்தமும் ஓய்ந்து தெரு காலியான பிறகும் அவள் காலை எடுக்கவில்லை.