மதிலுக்கு வெளியே படுத்த ஆடு

சூசைமேரியைக் கல்லறை மதிலுக்கு வெளியே புதைத்த மறுநாள், கோயில் படத்திலிருந்த ஆடு இறங்கி வந்து அவள் குழிமேல் படுத்துக்கொண்டது. சாமியார் பங்களாவில் மாட்டியிருந்த படம் அது. செம்புத்தகட்டில் செதுக்கித் தாளில் அச்சடித்தது. குளத்தூர்ப் பக்கத்து அந்த ஊர்க் கோயிலும், வாசலுக்கு மேலே சிலுவைக் கொடி பிடித்த ஆட்டுக்குட்டியும் அதில் இருந்தன. இப்போது வாசலுக்கு மேலே வெறும் தாள். ஆட்டுக்கு நிறமில்லை, தடிமனும் இல்லை, உடம்பெல்லாம் கறுப்புக் கோடு. கால்நடை டாக்டர் தூக்கிப் பார்த்து, எடையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். "கறிக்கும் ஆகாதுப்பா" என்று கீழத்தெருவில் சிரித்தார்கள்.

கீழத்தெருக்காரர்களை வெளியேதான் புதைப்பது வழக்கம். சூசைமேரியின் மகள் ஷர்லி, அந்தத் தெருவின் முதல் பட்டதாரி, கீரனூரில் பஸ் ஏறித் திருச்சிக்கு வேலைக்குப் போகிறவள், அம்மாவுக்கு மதிலுக்குள் ஓர் ஆள் நீளம் இடம் கேட்டிருந்தாள். கமிட்டித் தலைவர் மைக்கேல்சாமி இடமில்லை என்றார். உள்ளே எருக்கஞ்செடி மண்டிக் கிடந்தது.

கமிட்டிக்காரர்கள் ஆட்டைத் தூக்கிப்போய்ப் படச் சட்டத்துக்குள் வைத்து ஆணி அடித்தார்கள். விரலில் ஒட்டிய மை சோப்புக்குப் போகவில்லை. மறுநாள் காலைப் பூசை மணிக்குள் ஆடு மறுபடி குழிமேல் இருந்தது. ஐப்பசி மழையிலும் கரையவில்லை. ஒரு வருஷம் இப்படியே போனது. பிறகு மைக்கேல்சாமி, அதுவரை கீழத்தெருவில் கால் வைக்காதவர், ஷர்லி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கொடி பிடிச்ச ஆடுன்னா யாரு? நமக்காகப் பலியான ஆண்டவரு. அவர வெளியில போட்டுட்டு நாங்க எப்படித் தூங்குறது?"

"எங்கம்மாவப் போட்டுட்டுத் தூங்குனீங்கள்ல? அப்படியே தூங்குங்க."

"வாய் சாஸ்தி ஒனக்கு. படிச்ச புள்ள, ஒரு வழி சொல்லு."

"ஆடு அங்கிட்டு வராதுங்க. செவர இங்கிட்டு கொண்டாங்க."

அந்தக் குழி மட்டும் உள்ளே வருகிற மாதிரி மதிலை இடித்து வளைத்துக் கட்டினார்கள். மதில் அங்கே வயிறு தள்ளி நின்றது. ஆட்டுக்காக என்றுதான் பூசையில் அறிவித்தார்கள். சூசைமேரி பெயர் வரவில்லை. ஷர்லி லீவு போடவில்லை. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பார்த்தாள். அம்மா உள்ளே இருந்தாள். அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை.

சாமியார் புது மதிலை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்ததும் ஆடு எழுந்தது. ஈரச் சாந்தில் குளம்பு பதியாமல் மதில் ஏறி இறங்கி, வெளியே அடுத்திருந்த கீழத்தெரு பால்ராஜ் குழிமேல் படுத்துக்கொண்டது.

மைக்கேல்சாமி சூளைக்குப் போன் போட்டார். "இன்னொரு லோடு செங்கல் அனுப்புப்பா." வெளியே வரிசையாகக் கிடந்த குழிகளைப் பார்த்தார். "இல்ல, நீ பாட்டுக்கு அனுப்பிக்கிட்டே இரு."

கழுவ எடுத்த சாந்துச் சட்டியைக் கொத்தனார் கழுவாமலே கீழே வைத்தார்.