கும்ஜுங் பக்கம் போகாத மாப்பிள்ளை

என் புருஷன் கெலு, வெளியூர்க்காரர்கள் எவரெஸ்ட் என்கிற எங்கள் சோமோலுங்மா உச்சியில் ஐந்து தடவை நின்றவன். பனி பிளந்து கிடக்கிற இடத்தில் ஏணியைக் குறுக்கே போட்டு, முதுகில் மூட்டையோடு அதன் மேல் நடந்து போவான். அப்போது பாட்டு வேறு பாடுவானாம், கூடப் போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவனிடம் "கும்ஜுங்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காதே கேட்காதவன் மாதிரி எழுந்து வெளியே போய்விடுவான்.

கும்ஜுங்கில் பேயும் இல்லை, பனிச்சரிவும் இல்லை. என் அப்பா இருக்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் ஷெர்பா ஆட்களில் கல்யாணம் ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. முதலில் பெண் கேட்டு சாங் கொண்டுவர வேண்டும். சாங் என்றால் அரிசியைப் புளிக்கவைத்து எடுக்கிற வெள்ளைக் கள். அது இல்லாமல் எங்கள் ஊரில் சாமியும் கும்பிட முடியாது, சண்டையும் தீராது. பெண் வீட்டார் அதை வாங்கிக் குடித்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு நிச்சயம். நிச்சயம் ஆனதும் சேர்ந்து வாழலாம், பிள்ளை பெறலாம், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் கடைசியில் ஸென்டி என்கிற பெரிய கல்யாணம் நடந்தால்தான் மாப்பிள்ளை முழு மாப்பிள்ளை. அதற்கு மாப்பிள்ளை வீட்டார் கைகோர்த்து, வரிசையாகக் காலைத் தட்டி ஆடிக்கொண்டே பெண் வீட்டுக்கு வர வேண்டும். மாப்பிள்ளையும் ஆட வேண்டும்.

கெலுவுக்கு ஆட வராது. எங்கள் நிச்சயத்தன்று ஊரே வலது காலைத் தூக்கியபோது இவன் இடது காலைத் தூக்கினான். வரிசை மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த என் அப்பா சாங் பானை மேல் போய் உட்கார்ந்தார். பானை உடைந்து, அப்பா நனைந்து, ஊர் சிரித்து ஓய இரண்டு நாளானது. அதிலிருந்து கும்ஜுங் பிள்ளைகள் இவனுக்கு வைத்த பெயர் பானை மாப்பிள்ளை.

அப்புறம் ஸென்டிப் பேச்சை எடுத்தாலே இவனுக்கு மலையில் வேலை வந்துவிடும். வசந்தத்தில் ஒரு மலை, மழை ஓய்ந்ததும் இன்னொரு மலை. இப்படியே ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டான். எங்கள் மகள் லாமு பிறந்து, வளர்ந்து, கும்ஜுங்கில் என் அப்பாவோடு தங்கி அங்கேயே பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டாள். மலைக்குப் போகும்போதெல்லாம் இவன் நாம்சேயிலிருந்து கீழ்ப்பாதையைப் பிடித்துப் போய்விடுவான். கும்ஜுங் மேலே இருக்கிறது. மகளைப் பார்க்க ஆசை வந்தால் அவளைப் பாதைக்கு இறங்கி வரச்சொல்லி, பாறை மறைவில் உட்கார்ந்து பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போவான். கடத்தல்காரன் மாதிரி.

இந்த வசந்தத்தில் இவனுக்குக் கால்விரல் இரண்டு பனியில் கருத்துப்போயின. இந்த வருஷம் பனி மலை பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லுக்லாவில் மலைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்ட ஆள் அனுப்புகிற அலுவலகத்து நவாங் வீடு தேடி வந்தான்.

"கெலு அண்ணா, சின்ன வேலை ஒண்ணு இருக்கு. தெற்கே சமவெளியில ஜனக்பூர்லேர்ந்து ரிட்டயர் ஆன ஜோடி ஒண்ணு வருது. மலையையே பாத்ததில்லையாம். மெதுவா ஊர் ஊரா நடக்க வச்சு, டீ குடிக்க வச்சு, கூட்டிட்டு வந்துடுங்க."

"டீ குடிக்க வைக்கத்தான் நான் அஞ்சு தடவ ஏறி எறங்குனேனா?"

"அப்ப வீட்ல உக்காந்து கால் விரல எண்ணிட்டு இரு" என்றேன் நான். "மூட்ட தூக்க நான் வரேன் நவாங். எழுதிக்கோ."

எந்தெந்த ஊர் வழியாகப் பயணம் என்று கெலு கேட்கவில்லை. நான் நவாங்கை வாசல் வரை கொண்டுபோய்விட்டுக் கேட்டேன். தெரிந்துகொண்டதை இவனிடம் சொல்லவில்லை. கேட்காதவனுக்குச் சொல்வானேன்?

ஜனக்பூர்க்காரர் பெயர் திகம்பர் மிஸ்ரா. தொப்பை, மப்ளர், கையில் ஊறுகாய் பாட்டில். லுக்லாவில் விமானத்திலிருந்து இறங்கியதும் மலைகளைப் பார்த்து, "அடேங்கப்பா, இவ்வளவையும் யாரு குமிச்சு வச்சது?" என்றார். அவர் மனைவி சுனைனா அம்மா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்தவர். ஒல்லி உடம்பு, பெரிய கண்ணாடி. அவர் ஊறுகாய் பாட்டிலைப் பிடுங்கி என் கூடைக்குள் பத்திரமாகச் செருகினார்.

"இத உடைக்காம கொண்டு வந்துடும்மா. உடைஞ்சா இவரு அங்கேயே திரும்பிடுவாரு."

நடக்க ஆரம்பித்தோம். முதல் திருப்பத்திலேயே கெலுவைக் காணோம். வேக வேகமாக இறங்கி, கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டான். நாங்கள் போய்ச் சேரும்போது ஒரு கல்லில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, எங்களுக்கு வழிகாட்டணும்னு உங்கள வரச்சொன்னாங்களா, இல்ல நாங்க உங்களத் தேடிக் கண்டுபிடிக்கணுமா?" என்று சுனைனா அம்மா கேட்டார்.

கெலு எழுந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இனிமே மெதுவா போறேன்மா" என்றான். அப்புறம் அவர்கள் வேகத்துக்கு நடக்க அவன் பட்ட பாடு இருக்கிறதே! ஒரு அடி வைப்பான், வானத்தைப் பார்ப்பான். இன்னொரு அடி வைப்பான், பாதையோரத்து மந்திரக் கற்சுவரில் செதுக்கியிருப்பதை ஆதியோடந்தமாகப் படிப்பான்.

தொங்கு பாலத்தில் மிஸ்ரா ஐயா கண்ணை மூடிக்கொண்டார். மப்ளரின் ஒரு முனையைப் பிடித்து சுனைனா அம்மா முன்னால் நடந்தார். பாதி வழியில் எதிரே கோவேறு கழுதைக் கூட்டம், முதுகில் காஸ் சிலிண்டரோடு.

"கண்ணத் தொறக்காதீங்க" என்றார் அம்மா.

"ஏன், என்ன வருது?"

"ஒண்ணுமில்ல. நம்ம ஊர் பஸ்ஸுல நிக்கிற மாதிரி ஓரமா ஒட்டிக்கிட்டு நில்லுங்க."

கழுதைகள் ஒவ்வொன்றாக அவர் தொப்பையை உரசிக்கொண்டு போயின. அவர் ஒவ்வொன்றிடமும் "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபக்டிங்கில் கெலுவின் அத்தை வீட்டில் தங்கினோம். அத்தை கோப்பையைக் கீழே வைக்க விடவில்லை. "ஷே! ஷே!" என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். குடி, குடி என்று வற்புறுத்துவது எங்கள் வழக்கம். மூன்று தடவையாவது நிரப்பாவிட்டால் விருந்தாளியை அவமானம் செய்தது போல. வெண்ணெய் டீ முடிந்து சாங் வந்தது. மிஸ்ரா ஐயா அதை மோர் என்று சொல்லிக் குடித்தார்.

"வீட்டுல இவருக்கு ஏகாதசி, செவ்வாய், சனி விரதம் எல்லாம் உண்டு" என்றார் சுனைனா அம்மா என்னிடம். "இவ்வளவு உசரத்துல சாமி கிட்டத்துல இருக்குமேன்னு ஒரு பயம் வேண்டாம்?"

"கிட்டத்துல இருக்கறதால அதுக்கும் ஒரு வாய் குடுப்போம்மா" என்று அத்தை விரலால் மூன்று சொட்டு மேலே தெளித்தாள்.

நாம்சே ஏற்றத்தில் எல்லாரும் மூச்சு வாங்கினோம். அங்கே ஒரு நாள் ஓய்வு. மறுநாள் காலை உருளைக்கிழங்கு தோசையைத் தின்றுகொண்டிருந்தபோது சுனைனா அம்மா கேட்டார்.

"இன்னிக்குத்தானே கும்ஜுங்?"

கெலுவுக்குப் புரையேறியது.

"கும்ஜுங்கா? யாரு சொன்னது? அங்க ஒண்ணுமே இல்லம்மா. கிழங்குதான். கீழ்ப்பாதை நல்லா இருக்கும். தட்டையா இருக்கும். மான் எல்லாம் வரும்."

"ஆபீஸ்ல கும்ஜுங்னுதான் சொன்னாங்க. பச்சைக் கூரை வீடுங்க, பெரிய பள்ளிக்கூடம். நான் பள்ளிக்கூடம் பாக்கணும்."

"போன வாரம் அந்தப் பாதையில கரடி வந்துச்சு."

"கரடியா!" என்று மிஸ்ரா ஐயா தோசையைக் கீழே வைத்தார்.

"கரடி இல்லைங்கய்யா, எங்கப்பா" என்றேன் நான்.

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். பானையிலிருந்து பிஸ்கட் வரை. சுனைனா அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு கெலுவைப் பார்த்தார்.

"ஒன்பது வருஷமா?"

"சீசன் சரியா அமையலம்மா."

"கிளம்புங்க" என்றார் அவர். அவ்வளவுதான்.

நாம்சேக்கு மேலே சியாங்போசேயில் ஒரு பழைய மண் ஓடுதளம் இருக்கிறது. நாங்கள் ஏறி வந்தபோது மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. குளிரில் மிஸ்ரா ஐயாவின் பல் தந்தி அடித்தது.

"ஆடுனா சூடு வரும்" என்றார் சுனைனா அம்மா. "உங்க ஆட்டம் எப்படின்னு காட்டு யாங்ஜின். ஷெர்பா ஊருக்கு வந்துட்டு ஆட்டம் பாக்காம போறதா?"

நான் கூடையை இறக்கி வைத்தேன். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் ஐயா, அவருக்கு அந்தப் பக்கம் கெலு. முதுகுக்குப் பின்னால் கைகோர்த்துக்கொண்டு நான் பாட ஆரம்பித்தேன். கெலுவால் விலக முடியவில்லை. மிஸ்ரா ஐயா அவனை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தார். "தம்பி, விட்டா நான் விழுந்துடுவேன்." ஒருவரும் பார்க்காத மேகத்துக்குள் என் புருஷன் காலைத் தட்டினான். தப்பாகத்தான் தட்டினான். ஆனால் சிரித்துக்கொண்டே தட்டினான். நிச்சயத்துக்குப் பிறகு அவன் ஆடி நான் பார்த்தது அன்றுதான்.

அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது.

ஓடுதளத்தின் அந்த ஓரத்தில் சூரிம் நின்றுகொண்டிருந்தாள். என் அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரி. யாக் சாணி பொறுக்க வந்தவள், வாயைப் பிளந்து எங்களைப் பார்த்தாள். கைகோர்த்து ஆடுகிற வரிசை, அதில் வெளியூர் விருந்தாளிகள், ஓரத்தில் பானை மாப்பிள்ளை.

"சூரிம் அக்கா, இது சும்மா..." என்று கெலு ஆரம்பித்தான்.

அவள் சாணிக்கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓட்டம் எடுத்தாள். கும்ஜுங் பக்கம் இறங்குகிற பாதையில் அவள் குரல் மட்டும் கேட்டது. "வந்துட்டான்! ஆடிக்கிட்டே வந்துட்டான்!"

கெலு என் பக்கம் திரும்பினான். "நீதான் வரச்சொன்னியா அவள?"

"சத்தியமா இல்ல. சாணிய யாராவது சொல்லி வச்சுப் பொறுக்குவாங்களா?"

"திரும்பி ஓடிடலாமா?"

"அந்தக் காலோடயா?"

நாங்கள் ஊர் வாசலில் இறங்கும்போது வரவேற்புக்குக் கொளுத்துகிற வாசனைச் செடியின் புகை கிளம்பியிருந்தது. அப்பா புதுத் தொப்பி போட்டுக்கொண்டு, விளிம்பில் வெண்ணெய் தடவிய சாங் குடத்தோடு நின்றார். பின்னால் பாதி ஊர். வெள்ளைத் துண்டுகளை எங்கள் கழுத்தில் போட ஆரம்பித்தார்கள்.

"மாப்ளே!" என்றார் அப்பா. "வர வழி தெரிஞ்சுதா? இந்தப் பக்கம் ஒரு ஊர் இருக்குன்னு யாரு சொன்னா?"

"மாமா, நான் விருந்தாளிங்கள..."

"தெரியுது, தெரியுது. ஆள் கூட்டிட்டுத்தான் வந்திருக்க. ரெண்டே பேருதானா? பரவால்ல, ஒருத்தர் ரெண்டு ஆள் கனம் இருக்காரு."

மிஸ்ரா ஐயா என் காதில் கேட்டார், "நமக்கு எதுக்கும்மா இந்தத் துண்டு?"

"நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஐயா."

"அப்படியா? அப்ப சாப்பாடு உண்டுதானே?"

கெலு வாயைத் திறந்து உண்மையைச் சொல்லப்போனான். சொல்லியிருப்பான். அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து லாமு ஓடி வந்தாள். சீருடை, மூக்கில் சளி, ஒரு கால் செருப்பு எங்கோ விழுந்திருந்தது. கெலுவுக்கு முன்னால் வந்து நின்று, அவனைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, நீ ஊருக்குள்ள எல்லாம் வருவியா?"

கெலு வாயை மூடிக்கொண்டான். அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, என் அப்பா நீட்டிய குடத்தை வாங்கிக் குடித்தான். "ஷே! ஷே!" என்று ஊர் கத்தியது. அவன் மறுபடி குடித்தான்.

அப்பா எத்தனையோ வருஷமாகத் தயாராக இருந்தவர். அரிசி இருந்தது, வெண்ணெய் இருந்தது, லாமாவும் ஊரிலேயே இருந்தார். மறுநாளே ஸென்டி. லாமா எங்கள் இருவர் உச்சந்தலையிலும் வெண்ணெய் வைத்து மந்திரம் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராக மிஸ்ரா ஐயாவை உயர்ந்த இருக்கையில் உட்கார வைத்து, முதல் கோப்பை அவருக்கே கொடுத்தார்கள். அவர் எழுந்து தன் தாய்மொழி மைதிலியில் ஒரு கல்யாணப் பாட்டுப் பாடினார். ஒரு வார்த்தை யாருக்கும் புரியவில்லை. என் அப்பா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஆட்டம். வரிசையில் ஊரே நின்றது. கெலு பல்லைக் கடித்துக்கொண்டு என் காலையே பார்த்து ஆடினான். கொஞ்ச நேரம் சரியாகவே போனது. எல்லாரும் வலது பக்கம் திரும்பியபோது மோர் நிறைய உள்ளே போயிருந்த மிஸ்ரா ஐயா இடது பக்கம் திரும்பினார். அவ்வளவு கனமும் ஒரே திசையில். வரிசை சரிந்தது. நேரே சாங் பானைகள்.

கெலு காலை ஊன்றினான். கயிற்றில் கூட வருகிறவன் வழுக்கினால் இழுத்துப் பிடிக்கிற அதே ஊன்றல். பின்னால் சாய்ந்து, இரண்டு கையையும் இறுக்கி, மிஸ்ரா ஐயாவையும் என் அப்பாவையும் சேர்ந்து விழப்போன மொத்தக் கும்ஜுங்கையும் பிடித்து நிறுத்திவிட்டான். பானைக்கும் அப்பாவின் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் மிச்சம்.

அப்பா மெல்லத் திரும்பிப் பானையைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"ஆட்டம் வரலன்னாலும் பிடி நல்லா இருக்கு" என்றார்.

சுனைனா அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டார். விடிந்த பிறகு அது வெண்ணெய்ப் பாத்திரத்தில் கிடைத்தது.

திரும்பி இறங்கும்போது என் கூடையில் அப்பா கொடுத்த விதைக் கிழங்கும் சேர்ந்து, நிமிர முடியாத கனம். "இது உன் மாமனார் வீட்டுச் சீரு, நீயே தூக்கு" என்று கெலுவிடம் கொடுத்துவிட்டேன். அவன் வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டான். வழியில் எதிரே வந்தவர்களெல்லாம் செய்தி கேள்விப்பட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னான். ஒருத்திக்குப் பாதையிலேயே ஆடிக்கூடக் காட்டினான், அதுவும் தப்பாக.

லுக்லாவில் மூடுபனி. விமானம் வரவில்லை. டீக்கடையில் கால் நீட்டி உட்கார்ந்த மிஸ்ரா ஐயாவுக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

"எப்படியும் ரெண்டு நாள் ஆகும்போல இருக்கே" என்றார் பொதுவாக. "இந்தப் பக்கம் வேற யாருக்காவது கல்யாணம் பாக்கி இருக்கா?"

அடுப்பங்கரையிலிருந்து கடைக்காரம்மா தலையை நீட்டினாள்.

"எனக்கே பாக்கிதான் ஐயா. நிச்சயம் ஆகிப் பதினாறு வருஷம் ஆச்சு. அந்தா, அந்த மூலையில உக்காந்து கிழங்கு உரிக்கிறாரே, அவருதான்."

மூலையிலிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பார்த்தார். மிஸ்ரா ஐயா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.