இடது பக்கத்துப் பட்டை

இடது பக்கம் மட்டும் ஏன்? இந்த ஒரு கேள்வி மூன்று வாரமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

நான் மாடல் வண்டிகள் செய்பவள். இந்த முறை எடுத்துக்கொண்டது என் மாமனாரின் லாரியை, முழங்கை நீளத்தில். பின் சக்கரங்களுக்கு மேலே, இரண்டு பக்கமும் ஐந்தைந்து எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங். அமுக்கினால் வளையும், விட்டால் நிமிரும். வளைகிற உலோகத்துக்கு வர்ணம் அடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. தடித்துப் பூசினால் முதல் வளைவிலேயே பொருக்கு விட்டுவிடும். அதனால் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் மெல்லிசாக மூன்று கோட் கறுப்பு. வலது பக்கம் அப்படியே நின்றது. இடது பக்கம் மட்டும் தினமும் வெடித்திருந்தது.

மாமா என்னோடு சரியாகப் பேசி ஐந்து மாதம் ஆகியிருந்தது. பார்வை மங்கிவிட்டது, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று லாரிச் சாவியை எடுத்து ஒளித்து வைத்தவள் நான். பிறகு லாரியும் கைமாறிப் போனது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவுதான், பழி மட்டும் என் தலையில். "சாப்பிடுறீங்களா மாமா" என்று கேட்டால் "ம்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடம் வாங்கிவிடத்தான் இந்த லாரியைச் செய்துகொண்டிருந்தேன். ஒரு கீறல்கூட இல்லாமல் முடித்துத்தான் அவர் கையில் கொடுப்பது என்று வீம்பு.

ஜன்னல் வெயிலாக இருக்குமோ என்று ஹால் மேஜையில் வண்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். மறுபடி இடதுதான் வெடித்தது. பிரைமர் டப்பாவை மாற்றினேன். அப்போதும் இடதுதான். கடைசியில் கணவரைப் பிடித்தேன்.

"நீங்க தொட்டீங்களா?"

"உன் சாமானைத் தொட்டுட்டு நான் இந்த வீட்ல இருக்க முடியுமா?"

அதுவும் நியாயம்தான்.

ஒரு நாள் இடது சக்கரத்துக்கு மேலே, லாரியின் சரக்குப் பெட்டி விளிம்பில் கறுப்பைப் பூசி, காயவிடாமல் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது விளிம்பில் ஒரு கட்டை விரல் தடம். ஹாலில் மாமா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ரேடியோத் திருகில் கறுப்பு. அவருடைய கட்டை விரலிலும் கறுப்பு.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "மாமா, தினமும் அந்த லாரிய அமுக்குறது நீங்கதானா?"

ரேடியோவை நிறுத்தினார். மாட்டிக்கொண்ட முகமே இல்லை.

"என் வண்டியான்னு பார்த்தேன்."

"பார்த்தா தெரியலையா? கலரு, நம்பரு எல்லாம் அதேதானே."

"பார்த்தா எங்கம்மா தெரியுது? நீலமா என்னமோ நிக்குது, அவ்வளவுதான். அதான் அமுக்கிப் பார்த்தேன். என் வண்டி இடது பின்பக்கம் மெத்துன்னு இறங்கும். ஒரு பட்டை உடைஞ்சுது, அதை எடுத்துப் போட்டுட்டு நாலோடயே ஓட்டினேன். இது விறைப்பா இருக்கு. இன்னைக்காவது இறங்குமான்னு தினமும் பார்க்குறேன்."

அவருக்குக் கண் தெரியவில்லை என்று ஊரெல்லாம் சொன்னவள் நான். அந்தக் கண்ணுக்காகத்தான் மூன்று வாரம் உட்கார்ந்து வர்ணம் அடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"எந்தப் பட்டை மாமா?"

"மேலேர்ந்து மூணாவது."

அவர் எதிரிலேயே உட்கார்ந்து திருகைக் கழற்றி, மூன்றாவது பட்டையை உருவி எடுத்தேன். மறுபடி முடுக்கி, வண்டியை அவர் மடியில் வைத்தேன். கட்டை விரலால் அமுக்கினார். இடது பக்கம் மெதுவாக இறங்கியது. வர்ணம் வெடித்தது. வெடித்தால் வெடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு முறை அமுக்கினார். "இதான்" என்றார்.

பிறகு விரல் நுனியை ஓட்டுநர் ஜன்னலுக்குள் நுழைத்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் துழாவினார்.

"சாவி எங்கம்மா? இதையும் ஒளிச்சு வச்சிட்டியா?"