புதன் - 1

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அஸ்ஸிதான் அக்கா போன் செய்து, "பன்னெண்டும் பென் டிரைவ்ல ஏறிருச்சுல்ல?" என்று கேட்டபோது, ப்ரூலாய் கூலிபாலி வாய் நிறைய ரொட்டியோடு, "ஏறிருச்சு, ஏறிருச்சு" என்று சொல்லிவிட்டான். போனை வைத்த பிறகுதான் எண்ணிப் பார்த்தான். பதினொன்றுதான் இருந்தது.

மறுபடி எண்ணினான். திரையில் விரல் வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி ஒன்று, இரண்டு என்று எண்ணினான். அப்போதும் பதினொன்றுதான். கையில் இருந்த மிச்ச ரொட்டியை மேசை ஓரத்தில் வைத்தான்.

பமாக்கோ நகரத்தின் லாஃபியாபூகு பகுதியில் ரவுண்டானா ஓரம், மருந்துக்கடைச் சுவரை ஒட்டி ப்ரூலாயின் மேசை. மேசை மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், தலைக்கு மேல் ஒரு தகரம். மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டு ஏற்றித் தருவான். பமாக்கோவில் இந்த மாதிரி மேசை தெருவுக்கு நாலு இருக்கும். இவர்களிடையே ஒரு போட்டி உண்டு. பாட்டை ஏற்றுகிறவன் அதன் பெயருக்கு முன்னால் தன் கடைப் பெயரையும் போன் நம்பரையும் ஒட்டி, ஒரு கோடு போட்டுத்தான் கொடுப்பான். அந்தக் கார்டு இன்னொருவன் கைக்குப் போனால் அவன் முதல் வேலையாகக் கோட்டுக்கு முன்னால் இருப்பதையெல்லாம் வெட்டிவிட்டுத் தன் பெயரை ஒட்டுவான். ஒன்றொன்றாகச் செய்தால் விடிந்துவிடும். அதற்கென்று ஒரு புரோகிராம் இருக்கிறது. இரண்டாயிரம் பாட்டானாலும் மொத்தமாகப் பெயரை மாற்றிக் கொடுத்துவிடும். வெட்டிய பிறகு ஒரே பெயரில் இரண்டு வந்தால், பெரியதை வைத்துக்கொண்டு சின்னதை அழித்துவிடச் சொல்லி வைத்திருப்பார்கள். ஒரே பாட்டு இரண்டு தடவை இருந்தால் பெரியதுதானே நன்றாகக் கேட்கும்? தொழிலில் எல்லாரும் இப்படித்தான். ப்ரூலாயும் எட்டு வருஷமாக இப்படித்தான்.

நேற்று அக்கா தன் புருஷன் போனிலிருந்த கார்டைக் கழற்றிக் கொடுத்து, "கல்யாணப் பாட்டெல்லாம் நிறைய ஏத்து. உள்ள அவரு பேசின பன்னெண்டு இருக்கு, அதைத் தனியா பென் டிரைவ்ல போட்டுக் குடு" என்று தெளிவாகத்தான் சொன்னாள். இவன் என்ன செய்தான்? கார்டைச் செருகினான், பழக்கத்தில் பட்டனைத் தட்டினான், டீ குடிக்கப் போய்விட்டான். நாசமாய்ப் போன பழக்கம்!

அந்தப் பன்னிரண்டும் அக்காவின் புருஷன் நான்கோமான் கெய்த்தாவின் குரல். ஆளேற்றும் பச்சை வேன் ஓட்டுகிறவர். தினம் காலையில் இந்த மேசைக்கு எதிரே வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, பின்னால் ஹாரன் கிழிவதைப் பற்றிக் கவலையே படாமல், "ஏ காராமணி தின்னி! நேத்து எத்தனை சட்டிய நக்கின?" என்று கத்துவார். "போய்யா, எங்க பாட்டன் வாங்கின அடிமை! ராஜ வம்சம்னு சொல்லிட்டு வேன் ஓட்டுற!" என்று இவன் பதிலுக்குக் கத்துவான். கெய்த்தா குலமும் கூலிபாலி குலமும் கேலி முறை. பார்த்தால் திட்டிக்கொள்ளாமல் போனால்தான் மரியாதைக் குறைவு. நாலு மாதம் முன்பு டாக்கர் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், தொண்டையில் கட்டி என்று குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது பெரிய விஷயம். ஆனால் மூச்சு மட்டும்தான் வருகிறது, பேச்சு இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, தன் மகள் வாஸ்ஸாவின் கல்யாணத்துக்கென்று போனில் பேசி வைத்தார். அப்பன் ஆசி சொல்லி, கடைசியில் "போ" என்று விடை கொடுக்காமல் மணப்பெண் பாயைவிட்டு எழுந்திருக்க மாட்டாள். அஸ்ஸிதான் அக்காகூட அதைக் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கேட்கக் கூடாது என்று வைத்திருந்தாள். எத்தனை பேசியிருக்கிறார் என்று மட்டும் அவர் பத்து விரலும் அப்புறம் இரண்டு விரலும் காட்டியிருந்தார்.

பக்கத்து மேசை லாசினே எட்டிப் பார்த்தான். அவனும் பாட்டு ஏற்றுகிறவன்தான். இவனுக்குப் போட்டி, இவனுக்குக் கூட்டாளி.

"என்னடா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒண்ணு போயிருச்சுடா."

"என்ன ஒண்ணு?"

ப்ரூலாய் புரோகிராமின் பழைய பட்டியலைத் திறந்தான். என்னவெல்லாம் மாற்றியது என்று அது வரி வரியாக எழுதி வைத்திருந்தது. பேசிய பதிவுகளுக்கு அவர் போன் தானாகவே கிழமையைத்தான் பெயராக வைத்திருக்கிறது. செவ்வாய் - 1, செவ்வாய் - 2, இப்படிப் பதினொன்று வரை. அப்புறம் ஒரே ஒரு புதன் - 1. கோட்டுக்கு முன்னால் வெட்டினால் செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. இரண்டும் வெறும் 1. பெரியது செவ்வாய், சின்னது புதன். சின்னதை அழித்துவிட்டது.

"புதன்கிழமைதானே ஆபரேஷன்?" என்றான் லாசினே.

ப்ரூலாய் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தான். கேட்கக் கூடாதுதான், ஆனாலும் பதினொன்றாவதன் கடைசிப் பத்து நொடியை மட்டும் போட்டான். அந்தப் பழைய கரகரத்த குரல் மேசையில் உட்கார்ந்தது போல் வந்தது. "'போ'ன்னு சொல்றத மட்டும் நாளைக்கி காலையில சொல்றேன் தாயி. இன்னிக்கி சொன்னா அழுதுருவேன், இந்த நர்ஸ் வேற முறைக்கிறா."

"அடப்பாவி" என்றான் லாசினே மெதுவாக. "அதையேவா அழிச்ச?"

அழிந்ததைத் தோண்டி எடுக்கவும் புரோகிராம் உண்டு. அதை ஓட்டினார்கள். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று எறும்பு மாதிரி ஊர்ந்தது. ப்ரூலாய் உட்கார்ந்தான், எழுந்தான், மருந்துக்கடை வரை போய்த் திரும்பினான், மறுபடி உட்கார்ந்தான். ஒரு பெண் கார்டை நீட்டி, "தம்பி, எனக்கு ஒரு நூறு பாட்டு" என்றாள். "இன்னிக்கி கடை லீவு" என்றான். "அப்ப ஏன் கடையில நிக்கிற?" என்று அவள் கேட்டுவிட்டுப் போனாள். நியாயமான கேள்விதான். ரவுண்டானாவில் கல்யாணக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே சுற்றின. பமாக்கோவில் ஞாயிறு என்றால் கல்யாணம், ஹாரன் இல்லாமல் ஞாயிறு ஏது? ஒவ்வொரு ஹாரனுக்கும் அவன் மணியைப் பார்த்தான்.

பதினொன்றரைக்கு அக்கா மறுபடி கூப்பிட்டாள். "எங்கடா இருக்க, காராமணி தின்னி? ஸ்பீக்கர் வந்தாச்சு. அஸர் தொழுகைக்கு முன்னாடி பொண்ண அனுப்பணும்."

"வரேன் அக்கா, வந்துட்டே இருக்கேன்."

"வந்துட்டே இருக்கேன்னா எங்க?"

"வழியில அக்கா." மேசையைவிட்டு ஒரு அடி நகரவில்லை, பொய்யன்.

பன்னிரண்டே காலுக்கு நூறு சதவீதம் ஆயிற்று. அழிந்தவை நாற்பது திரும்பி வந்தன. முப்பத்தொன்பதும் பாட்டு. ஒன்று மட்டும் நாலு விநாடி. இருவரும் ஆளுக்கொரு காதில் இயர்போனை வைத்துக்கொண்டு கேட்டார்கள். யாரோ தொண்டையைச் செருமினார்கள், அப்புறம் "வாஸ்..." என்று வந்தது, அப்புறம் வெறும் இரைச்சல். அந்த இடத்தின் மேல் நேற்று இவனே அறுநூறு கல்யாணப் பாட்டைக் கொட்டியிருக்கிறான். மிச்சம் எங்கே இருக்கும்?

"மத்த பதிவுலருந்து குரலை வெட்டி ஒட்டிரலாமா?" என்றான் லாசினே. "இந்தப் பதினொண்ணுல எங்கயாவது 'போ'ன்னு சொல்லியிருப்பாரு. அத எடுத்து..."

"வாய மூடு."

"இல்லடா, நல்லதுக்குத்தான்..."

"எந்திரிச்சிப் போடா முதல்ல!" ப்ரூலாயின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு நிமிஷம் அவனும் அதையேதான் நினைத்திருந்தான். அந்த வெட்கம் வேறு.

கம்ப்யூட்டரை லாசினேயிடம் ஒப்படைத்துவிட்டு, பென் டிரைவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தான். கல்யாண வீட்டு வாசலை அடைத்து, தெருவுக்குக் குறுக்கே பந்தல் போட்டிருந்தார்கள். அண்டாவில் எண்ணெய்ச் சோறு கொதித்தது. பெண்கள் கஞ்சி போட்டு அடித்துப் பளபளத்த உடையில் சரசரவென்று நடந்தார்கள். அஸ்ஸிதான் அக்கா தங்கைகளோடு நின்று எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். நாலு மாதத்தில் அவள் சிரித்து ப்ரூலாய் பார்த்ததில்லை. அவள் கண்ணில் படாமல் கொல்லைப்பக்கம் போனான்.

நான்கோமான் அங்கே இரும்பு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். வெள்ளை அங்கி, கழுத்தில் ஒரு துண்டு. ப்ரூலாயைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார்.

ப்ரூலாய் மண்ணில் குந்தினான். "பெரியவரே" என்று ஆரம்பித்தான். அவர் முகம் சுளித்தது. இவன் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "தப்புப் பண்ணிட்டேன். பன்னெண்டுல ஒண்ணு போயிருச்சு. நான்தான் அழிச்சேன். தெரிஞ்சு இல்ல, பழக்கத்துல. தோண்டிப் பாத்தேன், கிடைக்கல."

அவர் ஒரு விரலைக் காட்டி, எது என்பது போல் கையை விரித்தார்.

"புதன்கிழமை எடுத்தது."

நான்கோமான் எழுந்தார். சுவர் வரை போனார். அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கழுத்துத் துண்டுக்கடியில் மூச்சு சீறியது. ஓங்கி ஓர் அறை கொடுத்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று ப்ரூலாய்க்குத் தோன்றியது.

"அதுல என்ன சொன்னீங்க?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். என்ன கேள்வி அது, யாரிடம்!

அவர் திரும்பி வந்து இவன் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினார். வாயில் விரல் வைத்தார். அந்த விரலாலேயே வாசல் பக்கம், அக்கா சிரித்த பக்கம் காட்டினார். அப்புறம், போய் உன் வேலையைப் பார் என்று தோளில் தள்ளினார்.

மூன்றரைக்கு வாஸ்ஸாவைக் கூட்டி வந்து பாயில் உட்கார வைத்தார்கள். தலை முதல் மடி வரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அவள் யாரையும் பார்க்கக் கூடாது, பார்க்கவும் முடியாது. நான்கோமான் எதிரே உட்கார்ந்தார். ப்ரூலாய் ஸ்பீக்கர் பெட்டியின் பக்கத்தில் நின்றான்.  முதல் பதிவைப் போட்டான்.

குரல் பந்தலை நிறைத்தது. இரண்டு பெண்கள் சத்தமாகவே அழுதுவிட்டார்கள். வேனில் கேட்ட அதே குரல், தெருவையே அதட்டும் குரல்.

"வாஸ்ஸா, நீ போற வீட்டுல சட்டி காலியாகாம இருக்கட்டும்."

"ஆமினா!" என்றது பந்தல். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம்.

"உன் மாமியாருக்கு அல்லா நீண்ட ஆயுசு குடுக்கட்டும். உனக்கு அத விட நீண்ட பொறுமை குடுக்கட்டும்."

"ஆமினா!" மாமியாரே முதலில் சிரித்தாள்.

இரண்டு, மூன்று, ஏழு. ஒவ்வொன்று முடியும்போதும் ப்ரூலாய் தெருக்கோடியைப் பார்த்தான். நிறுத்திவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. பத்து. பதினொன்று. நாளைக்குச் சொல்கிறேன் என்ற வரி வந்தது, நர்ஸ் முறைப்பதற்குச் சிலர் சிரித்தார்கள், குரல் நின்றது.

பந்தல் காத்திருந்தது. துணிக்கடியில் வாஸ்ஸாவின் தலை லேசாக நிமிர்ந்தது.

"அடுத்தது போடு ப்ரூலாய்" என்றாள் அக்கா.

அவன் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து கையை எடுத்தான்.

"என்னடா பண்ற? போடு! நேரமாச்சு."

"அக்கா" என்றான். "அது இல்ல அக்கா. நான்தான்..."

நான்கோமான் கையைத் தூக்கினார். ப்ரூலாய் நிறுத்தினான். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பாயின் ஓரத்தில் முழங்காலிட்டார். இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். உதடு அசைந்தது. சத்தம் இல்லை, துண்டுக்கடியில் மூச்சு மட்டும். கல்யாணத்துக்குப் புகழ் பாட வந்த, ஊர்க்கதை முழுதும் வாயில் வைத்திருக்கும் பாட்டுக்காரிகூட வாயடைத்து நின்றாள். எந்த இடத்தில் வார்த்தை முடிகிறது, எங்கே ஆமினா சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. துணிக்குள் இருந்தவளுக்கு எதுவுமே தெரியவில்லை. அவளுக்கு அது வெறும் மௌனம். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது.

ப்ரூலாய் அந்த உதட்டையே பார்த்தான். ஒரு வரி முடியும்போது உள்ளங்கை சற்று மேலே போவதைக் கண்டான்.

"ஆமினா!" என்று கத்தினான். தனிக்குரல், உடைந்த குரல்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உதடு மறுபடி அசைந்தது, கை மறுபடி எழுந்தது. இந்த முறை அஸ்ஸிதான் அக்காவும் சேர்ந்து சொன்னாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணீரைத் துடைக்காமலேயே சொன்னாள். அடுத்ததற்குப் பத்துப் பேர், அதற்கடுத்து பந்தல் முழுதும். குரலில்லாத மனிதர் ஒவ்வொன்றாகச் சொல்ல, தெருவே "ஆமினா, ஆமினா" என்றது. துணிக்குள்ளிருந்து வாஸ்ஸாவும் சொன்னாள். என்ன கேட்டார், எதற்குச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. அப்பா தனக்காகக் கேட்கிறார் என்பது தெரிந்தது, அது போதும்.

கடைசியாக அவர் உதடு ஒரே ஒரு தடவை அசைந்தது, மிகச் சின்னதாக. கை மேலே எழவில்லை. அதை அவள் தலையில், துணியின் மேல் வைத்தார். அதற்கு யாரும் ஆமினா சொல்லவில்லை. வாஸ்ஸா எழுந்து நின்றாள்.