ஏலகிரியைத் தடுக்க ஒரு சாவு

ஏலகிரிக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது சம்பந்தி செல்லம்மாள்தான். மகன் எழிலரசனுக்குக் கல்யாணமாகி இத்தனை மாதமாகியும் பெண் வீட்டாரோடு சேர்ந்து ஒரு இடமும் பார்க்கவில்லையே என்று அவலூர்பேட்டையிலிருந்து ஃபோன் போட்டாள். செஞ்சியில் இருந்த பெண்ணின் அப்பா ராஜாங்கத்துக்கு அதைக் கேட்டதும் தலைகால் புரியவில்லை. சொந்தமாக வேன் வைத்து ஓட்டுகிற மனுஷன். ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஓட்டியே காலம் போகிறதே, நம் ஜனத்தை ஏற்றிக்கொண்டு ஒரு நாள் போக வேண்டாமா என்று அவருக்கு நெடுநாள் ஆசை.

இரண்டே ஃபோனில் திட்டம் தயாராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியக் கிளம்புவது. திருவண்ணாமலை, செங்கம், திருப்பத்தூர் வழியாகப் போய் மலையேறுவது. ஏரியில் படகு விட்டுவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது. புளிசாதம் செஞ்சிக் கணக்கு, வடையும் சுண்டலும் அவலூர்பேட்டைக் கணக்கு. யாருக்கு ஜன்னல் ஓரம் என்பதுவரை பேசி முடித்தார்கள். ராஜாங்கத்தின் மனைவி ஜெயக்கொடி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு மலை ஏறுவதில் பயமில்லை, இறங்குவதில்தான் பயம். ராஜாங்கத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ரோடு கொஞ்சம் சரிந்தால் போதும், கியரை நியூட்ரலில் தள்ளிவிடுவார். வண்டி தானாக உருளும், டீசல் மிச்சம். செஞ்சிப் பக்கத்து ரோட்டில் அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மலைப்பாதை அப்படியல்ல. கியரில் இருந்தால் இஞ்சினே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் போட்டால் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில்தான், சூடேறித் தீய்ந்தால் அது பிடிக்காது. போன வருஷம் திருமலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் பிரேக் கேட்காமல் வேன் சுவரை உரசிக்கொண்டே போய் நின்றது. பின்னால் எல்லோரும் மொட்டைத் தலையோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். பார்த்தது முன் சீட்டில் இருந்த ஜெயக்கொடி ஒருத்திதான்.

"யார்கிட்டயும் சொல்லாத. பொழப்பு போயிடும்" என்றார் அப்போது. அவளும் சொல்லவில்லை. அவரோ மறு மாதமே அதை மறந்துவிட்டார். உயிர் பிழைத்ததைத் தன் திறமை என்று நினைத்துக்கொள்கிற ஜாதி ஒன்று உண்டு, அதில் அவர் மூத்தவர்.

"இந்தத் தபா கியர்லயே எறக்குங்க. நம்ம பொண்ணு வர்றா வண்டியில" என்று அவள் கெஞ்சினாள்.

"எத்தினி வருசமா ஓட்டறேன், நீ எனக்கு சொல்லிக்குடுக்கிறியா? போய் புளி ஊறவைக்கிற வழியப் பாரு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் சவாரிக்குப் போயிருந்தபோது ஜெயக்கொடி ஒரு முடிவுக்கு வந்தாள். ராஜாங்கத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே பங்காளி, பெரியப்பா மகன் ரங்கநாதன். கிணற்றுப் பங்கில் சண்டை போட்டுக்கொண்டு பெங்களூர் போனவர், இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை அறவே கிடையாது, ஃபோன் நம்பர்கூடத் தெரியாது. ராஜாங்கம் வீட்டுக்குள் நுழைந்ததும் ரங்கநாதனைக் கொன்றுவிட்டாள்.

"பெங்களூர்ல இருந்து யாரோ ஃபோன் பண்ணாங்க. உங்க அண்ணன் செத்து அஞ்சு நாளாச்சாம். அங்கயே எரிச்சுட்டாங்களாம்."

பங்காளி செத்தால் காரியம் முடியும்வரை தீட்டு. கோயிலும் இல்லை, மலையும் இல்லை. அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான். ராஜாங்கம் கத்துவார், காரியம் முடியறவரைக்கும் வண்டி வாடகை போச்சே என்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சட்டையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்து அழுதார். "ஒரு வார்த்த பேசாமயே போயிட்டானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜெயக்கொடி அவர் முகத்தைப் பார்க்காமல் துண்டை நீட்டினாள். ஆனாலும் பயணம் நின்றதே என்று சாமிக்குக் கும்பிடு போட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் துக்கம் விசாரிக்க அவலூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள், செல்லம்மாளும் எழிலரசனும், ஜெயக்கொடியின் மகள் சுமலதாவும். முகம்கூடப் பார்த்திராத ரங்கநாதனுக்காகச் செல்லம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"நீங்க வரமுடியாது, சரி. எங்க ஜனத்துக்கெல்லாம் சொல்லியாச்சு சம்மந்தி, மாவெல்லாம் ஊறவச்சாச்சு. வண்டிய மட்டும் குடுங்க. எழிலு ஓட்டிக்குவான்."

ஜெயக்கொடி பதறிப்போய்க் குறுக்கிட்டாள். "சுமாவுக்கும் தீட்டாச்சே. அவ எப்பிடி வருவா?"

"கட்டிக்குடுத்த பொண்ணுக்குப் பொறந்த வூட்டுப் பங்காளித் தீட்டு ஏது? அவ இப்ப எங்க வூட்டுப் பொண்ணு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன. எத்தனையோ சாவு வீட்டில் இதே நியாயத்தை ஜெயக்கொடியே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். அவரை நிறுத்துகிற பதட்டத்தில் அந்தத் தீட்டால் மகளை நிறுத்த முடியாது என்பது அவள் புத்தியில் உறைக்கவேயில்லை. பாழாய்ப்போன பயம் இருக்கிறதே, அது ஒரு கதவைத்தான் பார்க்கும்.

எழிலரசனுக்கு வேன் ஓட்டப் பழக்கியதும் ராஜாங்கம்தான். கல்யாணமான கையோடு பக்கத்தில் உட்காரவைத்துத் தன் வித்தை முழுவதையும் இறக்கியிருந்தார். இப்போது அழுத கண்ணோடு சாவியை எடுத்துக் கொடுத்தார். "எறக்கத்துல டீசல வீணாக்காதீங்க மாப்ள. ஞாபகம் இருக்குதில்ல?"

"இருக்குது மாமா."

ஜெயக்கொடி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "மாப்ள, மலையில எறங்கறப்ப கியர்லயே வாங்க. நியூட்ரல் வேணாம்."

எழிலரசன் மாமனார் முகத்தைப் பார்த்தான். "அவளுக்கு இன்னா தெரியும், நீங்க கெளம்புங்க" என்றார் ராஜாங்கம். இரண்டு பேரும் லேசாகச் சிரித்துக்கொண்டார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். யாரும் சாகவில்லை, நான் சொன்னது பொய் என்று நடுவாசலில் போட்டு உடைத்திருந்தால் பெரிய சண்டை வந்திருக்கும், அந்தச் சண்டையில் ஏலகிரியும் போயிருக்கும். அவள் செல்லம்மாளின் வாயைப் பார்த்தாள். உயிரோடு இருக்கிறவனைச் சாகடித்தவள் பெற்ற பெண் என்று காலத்துக்கும் சுமாவைக் குத்திக்காட்டுகிற வாய் அது. மகள் அந்த வீட்டில் வாழ வேண்டுமே என்று வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

புறப்படும்போது சுமலதா வழக்கம்போல் அம்மா பக்கம் திரும்பி, "போயிட்டு..." என்று ஆரம்பித்தாள். செல்லம்மாள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சாவு வூட்ல சொல்லிக்கக் கூடாதும்மா. திரும்பிப் பாக்காம ஏறு."

சொல்பேச்சு கேட்கிற மருமகள். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினாள். ஜெயக்கொடி தெருவிலேயே நின்றாள். வீட்டில் ஒரு சாவும் விழவில்லை, ஆனால் பெற்ற பெண் சாவு வீட்டை விட்டுப் போகிற மாதிரி போனாள். அதற்குக் காரணம் தான்தான் என்பது அவளை அன்றைக்கு ஒரு கவளம் சாப்பிட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபோனில் படங்கள் வரத் தொடங்கின. படகில் செல்லம்மாள், கறுப்புக் கண்ணாடியோடு எழிலரசன், பூச்செடி நடுவே சுமலதா. ராஜாங்கம் ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசிப் படத்தின் கீழே, கிளம்பிவிட்டோம் என்று எழுதியிருந்தது. அதற்குமேல் ஜெயக்கொடியால் தாங்க முடியவில்லை.

"உங்க அண்ணன் சாவல. நான்தான் பொய் சொன்னேன்."

அவருக்குப் புரியவே சற்று நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்து கையை ஓங்கினார். அவள் நகரவில்லை.

"அடிக்கிறதுன்னா அப்பறம் அடிங்க. மொதல்ல ஃபோன் போட்டு மாப்ளய கியர்ல எறங்கச் சொல்லுங்க. உங்க கையில வண்டி நிக்காம அந்தச் செவுத்துல தேச்சுதே, அது நின்னது உங்களாலயா? சத்தியமா சொல்லுங்க."

ஓங்கிய கை அப்படியே இறங்கியது. ஃபோனை எடுத்தார். முதல் தரம் மணி அடித்துக்கொண்டே நின்றுபோனது. இரண்டாம் தரம் சுமலதா எடுத்தாள்.

"நைனா, எறங்கிட்டே இருக்கோம். பாதி மலை வந்தாச்சு."

"மாப்ளய கியர்ல போடச் சொல்லு. செகண்டுல போடச் சொல்லு, இப்பவே."

அவள் அதைப் புருஷனிடம் சொல்வது கேட்டது. வேன் முழுக்கச் சிரிப்பு கேட்டது. சுமலதாவும் சிரித்துக்கொண்டே பேசினாள். "மாமா டெஸ்ட் வெக்கிறாருன்னு உங்க மாப்ள சொல்றாரு நைனா. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே வர்றாராம். சொட்டு டீசல் செலவாவலயாம்."

"டெஸ்ட் இல்லம்மா. நான் சொல்லிக்குடுத்தது தப்புன்னு சொல்லு. தப்புன்னு சொல்லும்மா."

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை ஜெயக்கொடி கேட்டதில்லை. ராஜாங்கம் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்தார். சிரிப்பு கேட்டது, காற்று அடிப்பது கேட்டது. இஞ்சின் இழுத்துப் பிடிக்கிற சத்தம் மட்டும் இல்லை.

"இருங்க நைனா" என்றாள் சுமலதா. "ஏதோ தீயற வாசன வருது. இன்னா அது?"