மருந்துக்கடைக்கு எதிர்க் கம்பம்

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். இடம், பல் டாக்டரின் மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் அறை. நேரம், ஞாயிறு பிற்பகல் இரண்டரை. ஓட்டச் சங்கத்தின் தலைவரான டாக்டர், சீட்டு எழுதும் பெண்ணின் நாற்காலியில், மேசைக்குப் பின்னால் அமர்ந்தார். சைக்கிள்கடைக்காரர் மீன்தொட்டிக்குக் கீழே பெஞ்சில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. பஸ் டிரைவர் கடைசியாக வந்ததால், குழந்தைகளுக்கென்று போட்டிருந்த சிவப்பு முக்காலிதான் மிச்சம். முழங்கால் இரண்டும் முகவாயைத் தொட அதில் உட்கார்ந்தார். செயலாளரான பத்திரக்காரர் ஜன்னலோரம், மடியில் கோப்போடு. அக்கா வாசற்கதவை ஒட்டி. மூன்றரைக்கு ஷிப்ட் என்பதால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் நீலச் சட்டையிலேயே வந்திருந்தாள்.

சங்கத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அறுபது தாண்டியவர்கள்கூட வாய் கூசாமல் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்த அக்கா என்பது பத்திரக்காரருக்கு மட்டும். அவருக்கு நாற்பத்தேழு வயது, அவளுக்கு ஐம்பத்திரண்டு.

கூட்டத்தின் விஷயம் ஒன்றே ஒன்று. போன மாதம் சங்கம் நடத்திய அரை மராத்தான், அரை மராத்தான் இல்லை. இருநூற்றுப் பத்து மீட்டர் குறைவு.

ஓட்டம் முடிந்த அன்றே இரண்டு மூன்று பேர், கைக்கடிகாரம் தூரத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று முணுமுணுத்தார்கள். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்துக் கடிகாரம் பத்துத் தூரம் சொல்லும். அவற்றை நம்பிப் பாதை போட முடியாது. பாதை அளப்பது சைக்கிள்கடைக்காரர் வேலை. முன்சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவியைப் பொருத்தி, பொழுது விடியும் முன், வண்டி நடமாட்டம் இல்லாத நேரத்தில், ஒரே சீராக மிதித்து அளப்பார். வழியில் நாய் துரத்தினால்கூட வேகத்தைக் கூட்டமாட்டார் என்று பெயர். அப்படிப்பட்டவருக்கு இந்த முணுமுணுப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று விடியற்காலையில் போய் மறுபடி அளந்தார். அளவு சரியாக இருந்தது. திரும்பும் முனைதான் தப்பு.

நீளச் சாலையில் போய்த் திரும்பும் இடத்தில் கூம்பு வைக்க வேண்டிய கம்பம் நாற்பத்தேழாம் எண். அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் அப்படித்தான் இருந்தது. கூம்பு வைத்ததோ நாற்பத்து நான்காம் கம்பத்தில். மூன்று கம்பம், நூற்றைந்து மீட்டர். போக ஒரு முறை, வர ஒரு முறை.

கூம்பு வைத்தவர் பஸ் டிரைவர். அவர் மேல் பழி இல்லை. பாதை அளந்தது மே மாதம், ஓட்டம் அக்டோபரில். இடையில் சாலைக்குப் புதிதாகத் தார் போட்டதில், சைக்கிள்கடைக்காரர் ஓரக்கல்லில் பூசி வைத்த மஞ்சள் அடையாளம் புதைந்துபோனது. டிரைவர் கையில் இருந்தது செயலாளர் கொடுத்த தாள் ஒன்றுதான். அதில், ‘மருந்துக்கடைக்கு நேர் எதிரே உள்ள விளக்குக்கம்பத்தின் அடியில்’ என்று கண்டிருந்தது. டிரைவர் மருந்துக்கடைக்கு நேர் எதிரே வைத்தார். நடுவில் அந்தக் கடை, பெரிய இடம் பார்த்து நாலு கட்டடம் இப்பால் வந்திருந்தது.

தவறு யாருடையது என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. பத்திரக்காரர் இருபத்திரண்டு வருஷமாகப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து வீட்டுப் பத்திரமும் மனைப் பத்திரமும் எழுதுகிறவர். கிழக்கே இன்னார் வீடு, மேற்கே பொதுப்பாதை என்று எழுதி எழுதி, ஓர் இடத்தை அதன் பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் சொல்ல வரும் அவருக்கு. கம்பத்து எண் கட்டைவிரல் அளவுதான் இருக்கும், அரையிருட்டில் டார்ச் அடித்துத் தேடவேண்டாமே என்று நல்லெண்ணத்தில், எண்ணை எடுத்துவிட்டுக் கடையைப் போட்டார். ஆனால் பத்திரத்தில் எல்லைகளைச் சொல்லி, கூடவே அளவையும் எழுதுவார். இங்கே அளவை எழுதவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஓடி முடித்திருந்தார்கள். அதில் முந்நூற்றுப் பதினொரு பேருக்கு இது ஒரு வருத்தம், நாலு நாள் பேச்சு. ஒருத்திக்கு மட்டும்தான் நிஜமான அடி.

வேறொரு நகரத்தில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் ஏழு பாலங்கள் ஓட்டத்தில் நினைத்தவர் எல்லாம் கலந்துகொள்ள முடியாது. அளந்து சான்று பெற்ற பாதையில், வயதுக்கு இவ்வளவு என்று வைத்திருக்கும் நேரத்துக்குள் அரை மராத்தான் ஓடிக் காட்ட வேண்டும். ஐம்பது கடந்த பெண்களுக்கு இரண்டு மணி பதினைந்து நிமிஷம். அக்கா நாலு வருஷமாக முட்டிக்கொண்டிருந்தாள். இந்த அக்டோபரில் இரண்டு மணி பதினாலு நிமிஷம் இருபத்தொன்பது வினாடி. முப்பத்தொரு வினாடி மிச்சம். அனுமதிக் கடிதம் வந்து அவள் வீட்டு அலமாரிக் கண்ணாடியில் செருகியிருந்தது. ஓட்டத்துக்கு இன்னும் ஆறு வாரம். முழங்கால் ஜவ்வு தேய்ந்துவிட்டது, இந்த ஒன்றோடு ஓட்டத்தை நிறுத்திக்கொள் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருப்பது தம்பிக்கு மட்டும் தெரியும்.

இருநூற்றுப் பத்து மீட்டருக்கு அவள் ஓட்டத்தில் எண்பத்தொரு வினாடி ஆகும். பத்திரக்காரர் ராத்திரியே கணக்குப் போட்டுவிட்டார். ஐம்பது வினாடி தாண்டிவிடுகிறது.

பாதைகளுக்குச் சான்று தரும் அளவைச் சங்கத்தின் விதி தெளிவாக இருந்தது. தவறு தெரிந்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் செயலாளர் கையெழுத்திட்டுத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் அன்றைய நேரங்கள் எல்லாம் ரத்து.

டாக்டர் இப்படியும் அப்படியும் பேசினார். ஏழு பாலங்கள் முடியட்டும், மறுநாளே எழுதிவிடலாம் என்றார். டிரைவருக்கு அந்த மறுநாளும் அவசியமாகப் படவில்லை. சைக்கிள்கடைக்காரர் போய் அளக்காமல் இருந்திருந்தால் இந்தக் கூட்டமே இல்லை என்றார். சைக்கிள்கடைக்காரர் காலைக் கீழே இறக்கினார்.

“எனக்கு மட்டும் அக்கா மேல பிரியம் இல்லையா? ஆனா என் அளவு சுத்தம். அது தப்புன்னு நாளைக்கு எவனாவது சொன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது?”

“நீங்க சுத்தம்தான். உங்க சைக்கிளக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில வையுங்க,” என்றார் டிரைவர்.

கை தூக்கச் சொன்னார் டாக்டர். பொறுக்கலாம் என்று இரண்டு கை, எழுதலாம் என்று ஒரு கை. அக்கா தன் கைகளை நீலச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். பத்திரக்காரர் தன் கை எழுவதை வேறொருவர் கை போலப் பார்த்தார். அதுவும் எழுதலாம் என்ற பக்கம்தான் எழுந்தது. ரெண்டுக்கு ரெண்டு, கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள், உங்கள் இஷ்டம் என்று தலைவர் எழுந்துவிட்டார். அக்கா கடிகாரத்தைப் பார்த்து, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று சொல்லிப் போனாள். தம்பியின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

திங்களும் செவ்வாயும் பத்திரக்காரர் தட்டாத கதவு இல்லை. ஏழு பாலங்களுக்கு நேரம் காட்ட வேண்டிய கடைசித் தேதிக்குள் வேறு எங்காவது சான்று பெற்ற ஓட்டம் உண்டா என்று தேடினார். ஒன்று இருந்தது, ஒரு நாள் பயண தூரத்தில். இடம் நிரம்பி மூன்று வாரமாகிவிட்டதாம். ஏழு பாலங்கள் அலுவலகத்துக்கே போன் போட்டு, ஓடியவர்மேல் குற்றமில்லாமல் பாதையில் குறை வந்தால் விலக்கு உண்டா என்று கேட்டார். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். யாருக்காகக் கேட்கிறார் என்று விசாரித்தாள். பொதுவாகக் கேட்பதாகச் சொன்னார்.

“பொதுவா ஒரு வினாடிகூட விடமாட்டாங்க சார். போன வருஷம் எங்க மேனேஜரோட மாமியாரையே விடல,” என்றாள்.

புதன்கிழமை அக்காவுக்கு வார ஓய்வு. மதியம் அவர் அறைக்கு வந்தாள். பத்திரம் எழுத வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில், அவர்களைப் போலவே ஓரமாக உட்கார்ந்தாள். அவர் மேசையில் கடிதம் தயாராக இருந்தது. மூன்று தடவை எழுதிக் கிழித்த பிறகு நான்காவது. கேட்காமலே கையை நீட்டி எடுத்து, உதடு அசையப் படித்தாள். நடுவில் நின்றாள்.

“‘தவறு நேர்ந்துவிட்டது.’ அதென்ன, தானா நடந்து வந்து உட்கார்ந்துக்கிச்சா?”

பத்திரக்காரர் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, ‘திரும்பும் இடத்தைக் குறிப்பிட்டதில் நான் தவறு செய்தேன்’ என்று மேலே எழுதினார். அவள் அதையும் படித்தாள். சரி என்றோ, வேண்டாம் என்றோ சொல்லவில்லை. அவருக்கு அந்த இரண்டில் ஒன்று வேண்டியிருந்தது. எழுது என்று சொன்னால் பாரம் பாதி இறங்கும். எழுதாதே என்று சொன்னால் சண்டையாவது போடலாம்.

“நீ வேண்டாம்னா எழுதாம இருந்துடறேன்க்கா,” என்றார்.

“இருப்பியா?”

அவர் பார்வை அவள் கையிலிருந்த கடிதத்துக்குப் போனது.

“பாத்தியா. அப்புறம் எதுக்கு என்னைக் கேக்குற? எழுதுற கை உன்னுது. ஓடின கால் என்னுது.” கடிதத்தை மேசையில் வைத்து விளிம்பைச் சரிசெய்தாள். “முப்பத்தோரு வினாடி தம்பி. அதை எங்கேருந்து எடுத்தேன்னு உனக்குத் தெரியாது. சலவைக்கூடத்துல எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து, வீங்கின காலைச் சுவத்துல தூக்கி வச்சுப் படுத்து, ஒவ்வொரு வினாடியா எடுத்தேன். நீ ஒரு வரியில குடுத்துட்ட.”

அவர் தலைகுனிந்து, முத்திரை மைப்பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார். என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

“பதினஞ்சு நாள்ல இன்னும் நாள் இருக்குல்ல?” என்றாள். “திங்கக்கிழமை அனுப்பு. ஞாயித்துக்கிழமை ஓட்டம் ஒண்ணு இருக்கு. அதுவரைக்கும் நான் ஏழு பாலம் போறவளாவே இருந்துக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் வாராந்திர ஓட்டம் ஏரிக்கரைப் பாதையில். சங்கத்தின் நாலு பாதைகளில் இதுதான் எல்லோருக்கும் பிடித்தது: கரையோரம் ஒரு சுற்று, ரயில் பாதைக்கு இணையாக மண்ரோடு, பழைய மில்லின் மதிலைச் சுற்றி வந்தால் சரியாக எட்டு கிலோமீட்டர். மேட்டுத்தெரு பாதையில் மூச்சு வாங்கும். சந்தைப் பாதையில் ஏழு மணிக்கு மேல் லாரிகள் விடாது. இங்கே நிழல் உண்டு, நாய்கள் பழகியவை.

கமிட்டி ஐந்து பேரைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. பத்திரக்காரர் தண்ணீர் மேசையருகே நின்று தம்ளர்களை வரிசையாக அடுக்கினார். அக்கா கரைச் சுற்றை முடித்து வரும்போது இரண்டு பக்கமும் நாலைந்து பேர். ஏழு பாலத்தில் எத்தனையாவது பாலம் ஏற்றம் என்று ஒருத்தி விசாரிக்கிறாள். மூன்றாவது, அங்கே வேகத்தைக் குறைத்து நாலாவதில் எடுக்க வேண்டும் என்று அக்கா விளக்கிக்கொண்டே வருகிறாள். பாதைப் படம் அவளுக்கு மனப்பாடம். ஒரு கிழவர் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஓடிவிட்டு வா அக்கா என்கிறார். ஓடறேண்ணா, உங்களுக்கும் சேர்த்து மூச்சு வாங்கினா நீங்கதான் டாக்டர் ஃபீஸ் கட்டணும் என்று அவள் சொல்ல, சிரிப்பு கரைமேல் போகிறது.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன் பத்திரக்காரர் தம்ளரை நீட்டினார். அவள் ஓட்டத்தை நிறுத்தாமல் வாங்கி, பாதி குடித்து, மீதியைப் பிடரியில் ஊற்றிக்கொண்டு போனாள். இடது காலை லேசாக வெளிப்பக்கம் வீசுவது, பழகியவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. கூட்டம் கலையும்போது சைக்கிள்கடைக்காரர் அவளிடம் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், அவள் சைக்கிள் டயரை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, காற்று போதாது, கடைக்கு வந்து அடித்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

திங்கள் காலை பத்தரைக்குப் பத்திரக்காரர் தபால் அலுவலகத்தில் இருந்தார். கடிதத்தை மறுபடி படித்தார். தேதி, பொருள், பாதையின் பெயர், கம்பத்து எண்கள், குறைந்த தூரம், தன் பெயர், கையெழுத்து. ‘இதனால் பாதிக்கப்படும் ஓட்டக்காரர்கள் எவரும் இத்தவறுக்குப் பொறுப்பல்லர்’ என்று ஒரு வரி கடைசியில் சேர்த்திருந்தார். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவருக்கே தெரியும். மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். பசைக்கிண்ணத்தில் பசை காய்ந்து கிடந்தது; ஈரம் தொட்டுக் குழைத்து, விளிம்பு முழுக்கத் தடவி, உள்ளங்கையால் அழுத்தி, ஒட்டுகிறவரை பிடித்துக்கொண்டு நின்றார்.

வரிசையில் முன்னால் இரண்டு பேர். அவர்கள் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஜன்னலுக்குள் இருந்தவர் உறையை எடைபோட்டு, தபால்தலை ஒட்டி, முத்திரை குத்தினார். பதிவு எண்ணை எழுதி ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். எப்போது போய்ச் சேரும் என்று பத்திரக்காரர் கேட்டார். நாளை மறுநாள், தவறினால் வியாழன் என்று பதில் வந்தது.

“ஒருவேளை திரும்ப வாங்கணும்னா?”

“எழுதிக் குடுத்தா வாங்கலாம் சார். சாயங்காலம் பை கட்டுறவரைக்கும் நேரம் இருக்கு. குடுக்கப் போறீங்களா?”

பத்திரக்காரர் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இல்லை என்று தலையசைத்தார். ஜன்னலுக்குள் இருந்தவர் உறையை மற்ற உறைகளின் மேல் போட்டுவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.